சொட்டு இல்லை

குடம் நிறைந்துதான் இருக்கிறது. சாயங்காலம் நான்தான் கோரி வைத்தேன். பிறகு எதற்காக அதைத் தட்டிப் பார்க்க வேண்டும்?

புஷ்பபாய் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அடுக்களை வாசலில், இருட்டில், கையில் தீப்பெட்டியோடு நின்றுகொண்டு நினைத்தாள். கரண்டு போய் இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த வருடம் மழை பிந்திவிட்டது, அணையில் தண்ணீர் இல்லை என்று தினமும் ஏழு மணிக்கு அரைமணி நேரம் கரண்டை நிறுத்தினார்கள். ஏழடித்ததும் பக்கத்து வீட்டு டிவி பாதிச் சொல்லில் அறுந்துபோகும். அதுவரை காதில் விழாமல் கிடந்த சத்தங்களெல்லாம், ரப்பர் மரங்களுக்கிடையே சருகு நகர்வது, ஓட்டின் மேல் பல்லி ஓடுவது, தூரத்தில் களியக்காவிளைப் பக்கம் ஏறிப்போகும் லாரியின் முனகல், ஒவ்வொன்றாக வீட்டுக்குள் வந்து உட்காரும். அந்த அமைதிக்குள்தான் அது கேட்டது. குடத்தின் அடியில் ஒரு தட்டு, நடுவில் ஒரு தட்டு, கழுத்தில் ஒரு தட்டு. விரலால் அல்ல. இரும்பால். மூன்றும் மந்தமான, நிறைந்த சத்தம். கொஞ்சம் பொறுத்து, கழுவிக் கவிழ்த்திருந்த அலுமினியச் சட்டியில் ஒன்று. அது ணங்கென்று நீண்டது.

தீக்குச்சியைக் கிழித்தாள். அடுக்களையில் யாரும் இல்லை. குடத்து நீரில் மட்டும் வட்டங்கள் விரிந்து விளிம்பில் முட்டித் திரும்பிக்கொண்டிருந்தன. ஒரு மணம் இருந்தது. மண்ணெண்ணெய் அல்ல, மீனும் அல்ல. தாரும் துருவும் உப்பும் சேர்ந்து வெகுகாலம் பூட்டிக் கிடந்த மணம். அவளுக்கு அது தெரியும். ஒரு வாரம் கணவர் ராஜதாஸின் சட்டைகளில் இருந்து சோப்பு போட்டுப் போட்டு எடுக்கப் பார்த்து, எடுக்க முடியாமல் விட்ட மணம்.

ராஜதாஸ் கிணற்று ஆள். குன்னத்துகாலில் இருந்து உதியன்குளங்கரை வரை யார் வீட்டுக் கிணற்றில் வாளி விழுந்தாலும், தூர் மண்டினாலும், ஆடு விழுந்து நாறினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மூச்சை அடக்கினால் ஆள் செத்துப்போனாரோ என்று மேலே நிற்பவர்கள் ஜெபிக்கத் தொடங்கும்வரை எழும்பமாட்டார். சின்னச் சுத்தியல் ஒன்று எப்போதும் இடுப்பில் இருக்கும். கிணற்றுச் சுவரின் வெட்டுகல்லை அதனால் தட்டி, பின்னால் ஊற்று உண்டா இல்லையா என்று சொல்வார். அந்தப் பழக்கத்தில் எல்லாவற்றையும் தட்டுவார். பலாச்சக்கையை, மண்ணெண்ணெய் டின்னை, கூட்டாளிகளின் தொந்தியை. கல்யாணமான புதிதில் புஷ்பபாயின் வயிற்றையும் விரலால் தட்டி, "ஒழிஞ்சு கெடக்கு கேட்டியா, நீ இன்னும் சோறு தின்னல்ல" என்று சிரிப்பார். நாலைந்து வருடம் போனபிறகு, பிள்ளை இல்லை என்பது ஊர்ப்பேச்சான பிறகு, அவர் அங்கே மட்டும் தட்டுவதை நிறுத்தினார். அந்த நிறுத்தத்தை அவள் கவனித்தாள். அதைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசியதில்லை.

கடலுக்கு அவரைக் கூட்டிப்போனது கனகதாஸ். ராஜதாஸின் பெரியப்பா மகன், வேதக்கோயில் கமிட்டியில் ஒருவர், கப்பல் வேலையைக் கான்ட்ராக்ட் எடுத்திருந்த கம்பெனியில் சூப்பர்வைசர். யுத்தகாலத்தில் முங்கிய கப்பல் அது. பன்னிரண்டு பாகம், எழுபது அடிக்கு மேல், ஆழத்தில் சரிந்து கிடந்தது. வருடக்கணக்காக அதன் வயிற்றில் இருந்த கறுத்த எண்ணெய் கசிந்து வலைகளில் ஒட்டத் தொடங்கியதும் கடப்புறத்து மீன்பிடிகாரர்கள் சத்தம் போட்டார்கள். சர்க்கார் உத்தரவு போட்டது. எந்தெந்தத் தொட்டியில் எண்ணெய் இருக்கிறது என்று தட்டிப் பார்த்து எழுத வேண்டும். இற்றுப்போன துளைகளை மழைக்கு முன்னால் அடைக்க வேண்டும். ஆடி ஆவணி கழிந்து, பெரிய பம்பு வைத்து எண்ணெயை உறிஞ்சி எடுப்பார்கள். கடப்புறத்து முங்குகாரர்கள் ஒருவரும் இறங்கவில்லை. அந்தத் தகடு எப்போது பொத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது என்றார்கள். அப்போதுதான் கனகதாஸ் இந்த வீட்டு வாசலில் வந்து நின்று சிரித்தார். "கிணறானா என்ன, கடலானா என்ன? ரெண்டும் வெள்ளம்தானலே."

அந்த வாக்கியம் அவளுக்குள் கிடந்து இன்னும் எரிந்தது.

ராஜதாஸுக்கு எழுத வராது. அதனால் பதிவுப் புத்தகம் வீட்டுக்கு வந்தது. தினமும் சாயங்காலம் குளித்துவிட்டு, தலையில் இருந்து வழியும் நீரைத் துவட்டாமல் அவர் சொல்லுவார், அவள் பள்ளிக்கூடத்தில் படித்த மலையாளத்தில் உருண்டையாக எழுதுவாள். இன்ன தேதி, இன்ன தொட்டி. தட்டியபோது நிறைவு. தக்கை அடித்தது. அடித்தபின் சொட்டு இல்லை. அப்படி ஏழு வரி. "மூணாந் தொட்டியும் அஞ்சாந் தொட்டியும் நெறஞ்சு கெடக்கு, புஷ்பம். தகடு பப்படம் மாதிரி. இந்தத் தக்கை ஒரு மழை தாங்கும். ரெண்டு மழை தாங்காது. பம்பு வந்தே ஆவணும். அதையும் எழுது." அதையும் எழுதினாள். பக்கத்தைக் கம்பெனியில் பார்த்துவிட்டு, யாருடைய கையெழுத்து, அச்சடித்த மாதிரி இருக்கிறதே என்று கேட்டார்களாம். அன்றைக்கு அவளுக்குப் பெருமையாக இருந்தது. இப்போது அந்தப் பெருமையை நினைத்தால் கையைக் கல்லில் உரசத் தோன்றியது.

தக்கைகளையும் அவரே செதுக்கினார், படகு செய்கிற அயனி மரத்தில். மொத்தம் பன்னிரண்டு. ஆணி இற்றுப்போன துளைகளுக்குப் பெருவிரல் கனத்தில் பதினொன்று, குழாய்வாய்க்கு முட்டி அளவில் ஒன்று. நனையாத கட்டைதான் துளைக்குள் போய் ஊறிப் பெருத்துப் பிடிக்கும் என்பதால், அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துப்போவார். மிச்சம் அடுப்புக்கு மேலே பரணில், புகையில் கிடக்கும். எட்டாவது நாள் தட்டிப் பார்க்க மட்டும் என்று வெறுங்கையோடு போனார். சிறியது நாலும் பெரியது ஒன்றும் பரணிலேயே இருந்தன.

அவர் வரவில்லை.

கரையேறி பஸ் பிடித்து எங்கேயோ போய்விட்டான் என்றார் கனகதாஸ். ஸ்டேஷனிலும் அதையே எழுதிக்கொண்டார்கள். ஒரு வாரம் கழித்து, காற்றுப் பம்பு பிடிக்கிற நேசமணி பின்பக்கமாக வந்து வாழைக்குள் நின்று அழுதான். "அக்கா, அண்ணனுக்க இடுப்புல கெட்டின கயிறு மூணு மட்டம் ஆடிச்சு. மூணு ஆடினா தூக்கணும். காத்து கேறி வருது, போட்டு கவுந்துடும், கயித்த வெட்டுலே எண்ணு கனகண்ணன் சொன்னாரு. வெட்டின பெறகும் காத்துக் குழாயில குமிழி வந்துட்டு இருந்துது, அக்கா." அதற்கப்புறம் நேசமணியையும் அந்தப் பக்கம் காணவில்லை.

அவள் யாரிடமெல்லாமோ கேட்டாள். வேறு ஒன்றும் வேண்டாம், ஆளை எடுத்துத் தாருங்கள் என்றாள். மழை கழியட்டும் என்றார்கள்.

அது ஒரு மாதத்துக்கு முந்திய கதை. குடத்தில் தட்டு கேட்டது செவ்வாய்க்கிழமை.

புதன்கிழமை காலையில் அடுத்த வீட்டு சரசம்மா வாளியோடு வந்து கிணற்றடியில் நின்று சத்தம் போட்டாள். "எடியே புஷ்பம், இஞ்ச வா. உனக்க கிணத்துல என்னத்த ஊத்தி வச்சிருக்க?"

எட்டிப் பார்த்தாள். ஆழத்தில், வானத்துத் துண்டின் மேல், நிறம் நிறமாக ஒரு படலம் விரிந்து சுற்றிக்கொண்டிருந்தது.

"பப்படம் பொரிக்க இனி கடைக்குப் போவண்டாம்," என்றாள் சரசம்மா. சிரிக்கத்தான் பார்த்தாள். பிறகு மூக்கைச் சுளித்து, குரலைத் தாழ்த்தினாள். "மோட்டாருக்க டீசலாக்கும். இல்லியா?"

"இந்தக் கிணத்துல மோட்டார் இல்லியே, அக்கா."

சரசம்மா வாளியை இறக்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு போனாள். ரோட்டுவரை திரும்பிப் பார்க்கவில்லை. கடல் இங்கிருந்து பத்து மைலுக்கு அந்தப் பக்கம். புஷ்பபாய் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பயம் இருந்தது. பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. பாத்திரத்தின் அடியில் பிடித்துப்போன சோறு மாதிரி, சுரண்ட வராமல்.

மத்தியானம் கனகதாஸ் வந்தார். கஞ்சி தேய்த்த வெள்ளை வேட்டி. கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தாள். அவள் கை அதைச் செய்தது. வீட்டுக்கு வந்தவருக்குச் சாயா கொடுக்கிற கை.

"மக்கா, நான் பறையதக் கொஞ்சம் ஆலோசிச்சுப் பாரு," என்றார் ஊதி ஊதிக் குடித்தபடி. "பன்னெண்டு ஓட்டை. ஏழு அடைச்சாச்சு எண்ணு உனக்க கையெழுத்துல இருக்கு. பாக்கி அஞ்சும் அடைச்சதா அதே கையெழுத்துல அஞ்சு வரி. அஞ்சே வரி. பள்ளிக்கூடத்துல இம்போசிஷன் எழுதினதில்லியா நீ?"

"அவரு அடைக்கல்லியே, அண்ணா."

"அடைச்சிருப்பான்லா, இருந்திருந்தா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "பஸ்ஸு கேறிப் போனாருண்ணுல்லா சொன்னிய?"

கனகதாஸ் சாயா டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "வார்த்தையைப் பிடிச்சுத் தொங்காத. வெள்ளிக்கெழம ராத்திரிக்குள்ள புஸ்தகம் எனக்கு வேணும். சனிக்கெழம ஆபீசருக்க மேசையில பைலு இருக்கும். பைலு அடைஞ்சா கப்பலும் அடைஞ்சு. பெறகு ராஜதாஸு சோலிக்கிடையில மரிச்சான் எண்ணு நானே கமிட்டில சொல்லி, கோயில் புஸ்தகத்துல பேரு ஏத்தி, ஜெபம் வைக்கேன். இல்லேண்ணு வையி, கடப்புறத்துல எவளோ ஒருத்திகூட போனான் எண்ணு ஊரு சொல்லும். சொல்லத் தொடங்கியாச்சு. நீயே கேட்டிருப்ப."

கேட்டிருந்தாள். குழாயடியில், கோயில் நடையில். யார் தொடங்கிவைத்தது என்றும் இப்போது தெரிந்தது.

"அடைச்சாச்சு எண்ணு எழுதினா, பெறகு அவர எடுக்க ஆரு எறங்குவா?"

"அடைச்ச கப்பலுல எறங்க ஆருக்கு என்ன சோலி?"

"அந்த எண்ணெ?"

"அது அதுக்க பாட்டுக்குக் கெடக்கும். அம்பது வருஷம் கெடக்கல்லியா?" எழுந்து, அவள் தலையில் கைவைத்தார், ஆசீர்வதிப்பதுபோல. "கொச்சுப்பிள்ள மாதிரி அடம் பிடிக்காத."

அவர் போனபிறகும் தலையில் அந்தக் கையின் கனம் இருந்தது. அவள் பதிவுப் புத்தகத்தை எடுத்தாள். எழுதக்கூடாது என்று தெரியும். ஆனாலும் ராஜதாஸுக்கு ஒரு ஜெபம், புத்தகத்தில் ஒரு பெயர், கோயிலில் தலைநிமிர்ந்து நடக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை. இதற்காக அவளுக்குள் ஒருத்தி பேனாவை எடுத்தாள். ஏழாவது வரிக்குக் கீழே 8 என்று போட்டாள். எண் மட்டும். அழகான எட்டு. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது வயிற்றில் இருந்து கோபம் ஏறி வந்தது, கனகதாஸ் மேல் அல்ல, இந்தக் கையின் மேல். கேட்டதும் நீட்டுகிற கை. சாயா போடுகிற கை. எவன் சொன்னாலும் உருண்டையாக எழுதுகிற கை.

ஏழு மணிக்கு டிவி அறுந்தது.

அன்று அது கிணற்றில் தொடங்கியது. தண்ணீர் மெல்லப் பிளந்து மூடும் சத்தம், வெட்டுகல்லில் கனமான ஏதோ உரசி ஏறும் சத்தம், பிறகு ஈரம் சொதசொதவென்று மிதிபடும் சத்தம், அதன் பின்னால் நீளமாக எதையோ, ஒரு ரப்பர் குழாயை, முற்றத்துச் சரளின் மேல் இழுத்துக்கொண்டு வரும் சத்தம். கதவு திறக்கவில்லை. ஆனால் மணம் உள்ளே வந்தது. நாக்கில் படிந்தது. எச்சிலை விழுங்கினால் தொண்டையில் வழுக்கியது. அவள் கட்டிலில் உட்கார்ந்து, தீப்பெட்டியை மார்போடு பிடித்திருந்தாள். கிழிக்கவில்லை. கிழித்தால் பார்க்க வேண்டியிருக்கும்.

குடம். நிறைவு.

சட்டி. ஒழிவு.

சுவர் நெடுக, ஒரு சாண் விட்டு ஒரு சாண், தட்டித் தட்டி வந்தது. அவசரமில்லாமல். வேலை தெரிந்த கை. தகரப்பெட்டி. கட்டில் கால். பிறகு சத்தம் நின்றது.

நீங்களா?

முதுகில், இரண்டு தோள்களுக்கும் நடுவில், குளிர்ந்த இரும்பு தொட்டது. மெல்ல. டப். இரும்பு விலா வழியாகச் சுற்றி வந்தது. வயிற்றில் நின்றது. பத்து வருடமாக அவர் தட்டாத இடம். எட்டு போட்டுவிட்டேன், அதற்குத்தான் வந்திருக்கிறார். ஒழிவு என்று கேட்கும். வெறும் சட்டி மாதிரி ணங்கென்று கேட்கும். அவரும் கேட்பார், நானும் கேட்பேன்.

டப்.

மந்தமான சத்தம். அடிவரை நிறைந்த சத்தம்.

இரும்பு அங்கேயே சற்று நின்றது, நம்பாததுபோல. மறுபடியும் ஒருமுறை தட்டியது. நிறைவுதான். பிறகு விலகியது. குழாய் முற்றத்தில் இழுபட்டுப் போனது.

கரண்டு வந்தபோது புத்தகம் மேசையில் திறந்து கிடந்தது. எட்டின் மேல் கறுத்த ஒரு பெருவிரல் பதிந்திருந்தது. எண்ணே தெரியவில்லை. பரணில் தக்கைகள் ஐந்தும் விளிம்பில் வரிசையாக, சிறியதிலிருந்து பெரியதுவரை, கையெட்டுகிற மாதிரி இருந்தன. அவள் அப்படி அடுக்கவில்லை.

வியாழக்கிழமை எதுவும் வரவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. அரைமணி நேரமும் அவள் விழித்துக்கொண்டு கேட்டாள்; பல்லிகூட ஓடவில்லை. காத்திருக்கிறது என்று தோன்றியது. யாருக்காக என்று யோசித்தபோது, பதில் தனக்குத் தெரியும் என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது.

வெள்ளிக்கிழமை ஏழாகப் பத்து நிமிடம் இருக்கும்போது கனகதாஸ் வந்தார். கையில் புதுப் பேனாவும் மூன்று கட்டை டார்ச்சும். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்ததும் மூக்கை உறிஞ்சினார். "என்ன மணம்? ஸ்டவ்வு பொகையுதா?"

"அண்ணனுக்குத் தெரியாத மணமா?"

கனகதாஸ் பேச்சை மாற்றினார். "எழுதி வச்சியா?"

"இல்ல."

"பின்ன இப்பம் எழுது. நான் இருந்து வாங்கிட்டே போறேன்."

சுவர் கடிகாரம் ஏழாக ஆறு நிமிடம் காட்டியது. புஷ்பபாய் கதவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். சொல்லாமல் இருக்கலாம். யாரும் அவளைக் கேட்கப்போவதில்லை. ஆனாலும் சொன்னாள். "ஏழுக்கு முந்தி போயிருங்க, அண்ணா."

"ஏன், ஏழுக்கு ஆரு வாறா?"

"கரண்டு போவும்."

"அதுக்குத்தானே இது." டார்ச்சை மேசையில் செங்குத்தாக வைத்துத் தட்டிக்கொடுத்தார். சிரித்தார். "உனக்கு வெளிச்சம் நான் பிடிக்கேன். நீ எழுது. ஒண்ணாம் வரி. தட்டியப்போ நெறவு. தக்கை அடிச்சது. சொட்டு இல்ல."

அவள் மேசைக்கு எதிரில் நின்றாள். பேனாவைத் தொடவில்லை. "அண்ணா, கயிறு எத்தன மட்டம் ஆடிச்சு?"

சிரிப்பு நின்றது. "எந்தக் கயிறு?"

"வெட்டின கயிறு."

"நேசமணி சொன்னானா? எளவெடுத்த பய." எழ முயன்றவர் மறுபடி உட்கார்ந்தார். குரல் கடுத்தது. "காத்துல போட்டு மறிஞ்சா ஆறு பேரு போயிருப்போம். ஒருத்தன் போனான். இதுல கணக்குப் பாக்க என்ன இருக்கு? அவன் ஒரு கிணத்துக்காரன். ஆருக்க மகன்? ஆருக்க அப்பன்? பின்னால அழ ஒரு கொச்சு உண்டா?"

பதில் அவளுக்குள் எங்கேயும் வார்த்தையாக இல்லை. அடிவரை நிறைந்து, கனத்து, அசையாமல் கிடந்தது.

ஏழடித்தது. டிவி அறுந்தது.

டார்ச் எரிந்தது. மஞ்சள் வட்டம் ஓட்டில் பட்டு நடுங்கியது. கிணற்றில் தண்ணீர் பிளந்தது. "என்ன சத்தம்?" என்றார் கனகதாஸ். உரசல். ஈர மிதி. முற்றத்துச் சரளில் குழாய் இழுபட்டது. "ஆருலே வெளியில?" மணம் சுவர் வழியாக வந்தது. டார்ச் வெளிச்சம் பழுத்து, சிவந்து, ஒரு புள்ளியாகி, போனது.

அடுக்களையில், குடம். நிறைவு.

சட்டி. ஒழிவு.

"புஷ்பம். வெளக்கு கொளுத்து."

தீப்பெட்டி அவள் கையில்தான் இருந்தது. குச்சிகள் உள்ளே அசைந்தன. சுவர் நெடுகத் தட்டு வந்தது. அவளைக் கடந்தது. கடக்கும்போது ஈரமான ஒரு குளிர் அவள் கன்னத்தில் பட்டது. நாற்காலியின் முதுகு. நாற்காலியின் கை.

பிறகு கனகதாஸ்.

ணங்.

அந்தச் சத்தத்தை அவள் எதிர்பார்க்கவில்லை. வேட்டியும் சட்டையும் சதையும் எலும்புமான ஒரு மனிதனில் இருந்து வெறும் தொட்டியின் சத்தம். வீடு முழுவதும் அது நீண்டு அடங்கியது. உள்ளே ஒன்றுமே இல்லை. ஒரு துளிகூட.

"புஷ்பம். மக்கா. ஆரோ என்னைத் தொடுதாவ. கொளுத்து. எனக்க பொன்னு மக்கா, கொளுத்து."

அடுப்புக்கு மேலே, பரணில், கட்டையும் கட்டையும் உரசின. உலர்ந்த சத்தம். ஒன்றை எடுக்கிற சத்தம்.

சுத்தியல். ஒரே அடி.

கனகதாஸ் அலறினார். இன்னொன்று எடுபட்டது. அடி. "கேக்கல்ல," என்றார் திடீரென்று, மிகச் சத்தமாக, காது போனவர்கள் பேசுகிற மாதிரி. "புஷ்பம், எனக்கு ஒண்ணும் கேக்கல்ல! நீ அங்க உண்டா?"

உண்டு.

மூன்று. குரல் மூக்கடைத்துப் போனது. நான்கு. வாயால் மூச்சு வாங்குகிற இரைச்சல், நாய் ஓடிவந்து நிற்கிற மாதிரி. நாற்காலிக் கால்கள் தரையில் அடித்தன. தீக்குச்சி ஒன்று அவள் விரலில் வந்திருந்தது. எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை. கிழித்தால் நிற்குமோ? நிற்கலாம். ஒரு கிழி. கை உரசும் பக்கத்தைத் தேடிப் போனது, பழகிய கை, கேட்டதும் நீட்டுகிற கை. அவள் குச்சியைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தாள். மூடினாள்.

பெரியது எடுபட்டது.

அதற்கு மூன்று அடி வேண்டியிருந்தது.

பிறகு எதுவும் சொட்டவில்லை. ஈர மிதி வாசலைத் தாண்டியது, குழாய் பின்னாலேயே போனது, கிணறு மூடிக்கொண்டது. ரப்பர் மரங்களுக்குள் ஒரு சருகு நகர்ந்தது.

ஏழரைக்குக் கரண்டு வந்தது. பக்கத்து வீட்டு டிவி விட்ட சொல்லில் இருந்து பேசத் தொடங்கியது. குழல்விளக்கு இரண்டுமுறை சிமிட்டி நின்று எரிந்தது. கனகதாஸ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். காதுகள் இரண்டிலும், மூக்கின் இரண்டு துளையிலும், புகையேறிய அயனிக்கட்டை இறுக்கமாக, வேலை தெரிந்த கையால், தோலோடு தோலாக அடிக்கப்பட்டிருந்தது. வாயில் பெரியது. நனைந்த கட்டை ஊறிப் பெருத்துக்கொண்டிருந்தது. கன்னங்கள் மெல்ல மெல்ல விரிவது தெரிந்தது. சட்டையில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. மேசையில் பதிவுப் புத்தகம் திறந்திருந்தது. ஏழாவது வரிக்குக் கீழே, பக்கத்தின் அடிவரை, வெறும் கறுத்த விரல்தடங்கள்.

கண்கள் மட்டும் திறந்திருந்தன. அவளைத்தான் பார்த்தன.

அவர் கை எழுந்தது. காற்றில் துழாவி, மேசையைத் தாண்டி வந்து, அவள் சேலைத் தலைப்பைப் பிடித்தது. இழுத்தது. விட்டு, மறுபடி இழுத்தது. விட்டு, மூன்றாவது முறை, எஞ்சிய பலமெல்லாம் சேர்த்து.

புஷ்பபாய் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தலைப்பை விடுவித்தாள்.

"மாட்டேன், அண்ணா," என்றாள், பதற்றமில்லாமல்.